ஒரே ஊருணி, ஆறு பாடம்: செட்டிநாட்டுப் பள்ளியில் சுற்றுச்சூழல் கல்வி தொடங்க ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருமயம் பக்கம் மாறுதலில் வந்து சேர்ந்திருக்கிறீர்களா? வந்த வாரமே “சுற்றுச்சூழல் மன்றத்த இனிமே நீங்க பாத்துக்கங்க” என்று பழைய பதிவேடு ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார்கள். உள்ளே மரம் நட்ட படம், நெகிழி ஒழிப்புப் பேரணிப் படம், பரிசளிப்புப் படம் இருக்கும். அதைத் தாண்டி ஏதாவது செய்ய நினைத்தால் எந்த மனுவை எந்த மேசையில் கொடுப்பது, எந்த மாதத்தில் எதைத் தொடங்குவது என்று சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நானே விசாரித்து, அலைந்து தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன். 8, 9-ஆம் வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள். எந்தத் தலைமை ஆசிரியரும் விடமாட்டார், விடாததும் நியாயம்தான்.

1. முதலில் ஒரு கேள்வி

“பல பாடங்களை இணைத்துச் சூழலியல்” என்று சொன்னதும் பெரும்பாலான பள்ளிகளில் நடப்பது இது: தண்ணீர் என்று தலைப்பு வைப்பார்கள். தமிழாசிரியர் கட்டுரைப் போட்டி, ஓவிய ஆசிரியர் ஓவியப் போட்டி, அறிவியல் ஆசிரியர் நீர்ச் சுழற்சி விளக்கப்படம். எல்லாரும் தண்ணீரைப் பற்றிப் பேசியிருப்பார்கள், ஒருவர் சொன்னது இன்னொருவருக்குத் தேவைப்பட்டிருக்காது. இணைப்பு என்று இதைச் சொல்ல முடியாது.

ஒரு பாடத்தால் மட்டும் விடை சொல்ல முடியாத கேள்வி வேண்டும். ஊர்ப் பொதுக் குளமான ஊருணியை வைத்து நான் சிபாரிசு செய்வது: “நம்ம ஊருணியில மாசி மாசம் எவ்வளவு தண்ணி கிடக்கும்? மீதி எங்க போச்சு?” இதற்கு விடை சொல்லக் கணக்கு ஆசிரியருக்குப் புவியியல் ஆசிரியரின் வரைபடம் வேண்டும். அறிவியலுக்குக் கணக்கின் கொள்ளளவு வேண்டும். வரத்துக்கால், அதாவது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், எந்த வழியாக வந்தது என்பது பல ஊரில் தாளில் இருக்காது, கிழவிகள் வாயில்தான் இருக்கும். அங்கே தமிழும் சமூக அறிவியலும் வந்தே தீரும்.

சக ஆசிரியர்களிடம் “புதுசா ஒரு ப்ராஜெக்ட்” என்று போய் நிற்காதீர்கள். போர்ஷன் முடியாது என்பார்கள். அவர்களுடைய புத்தகத்தைத் திறந்து, அளவியல், புள்ளியியல், வரைபடத் திறன் எந்தப் பக்கத்தில் வருகிறதோ அதைக் காட்டி, “இந்தப் பாடத்துக்கு உதாரணக் கணக்கு நம்ம ஊருணியிலேயே இருக்கு” என்று கேளுங்கள். இருவர் ஒத்துக்கொண்டால் போதும், தொடங்கிவிடலாம். உடற்கல்வி ஆசிரியரை மறக்காதீர்கள். வெளியே பிள்ளைகளைக் கட்டிமேய்க்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

2. நீர்நிலை யாருடையது என்று பாருங்கள்

இந்தப் பகுதிக்குப் புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தண்ணீர் கிடப்பதெல்லாம் பொதுச்சொத்து என்று நினைத்துப் போய் நிற்பார்கள்.

ஊருணி பெரும்பாலும் ஊராட்சி அல்லது பேரூராட்சியின் பொறுப்பில் இருக்கும். சில ஊருணிகள் கோயிலையோ நகரத்தார் அறக்கட்டளையையோ சேர்ந்தவை. அங்கே அனுமதி தருபவர் சென்னையில் இருப்பார், சாவி உள்ளூரில் ஒருவரிடம் இருக்கும். பாசன ஏரியான கண்மாய் என்றால் ஆயக்கட்டை, அதாவது அது பாயும் நிலப்பரப்பைக் கேளுங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ளது நீர்வளத் துறையிடம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடம்.

உறுதி செய்ய வழி: கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண் கேளுங்கள். அந்த எண்ணை வைத்து அரசின் நில ஆவண இணையதளத்தில் ‘அ’ பதிவேட்டுப் பிரதியைப் பார்க்கலாம். நிலத்தின் வகைப்பாடும் பரப்பும் அதில் இருக்கும். பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் வரும், ஊரில் ஏக்கர், செண்ட் என்பார்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். இந்த மாற்றத்தையே முதல் வகுப்பாக வைத்துவிடுங்கள்.

முதல் வருடத்துக்குக் கண்மாய் வேண்டாம். பரப்பு பெரிது, கரையில் சீமைக்கருவேல முள், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. நான்கு பக்கமும் படி கட்டிய, பள்ளியிலிருந்து நடந்து போகிற தூரத்து ஊருணியே தோது.

3. தாள்கள்

ஜூன் மாதமே இவற்றைத் தயார் செய்துவிடுங்கள்.

முதல் தாள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். இது கட்டாயமா என்று கேட்டால், பெற்றோர் யாராவது பின்னால் கேள்வி கேட்கும்போது உங்களைக் காப்பாற்றுவது இதுதான். தீர்மானத்தில் இடம், வகுப்பு, எந்தெந்த மாதம், உடன் வரும் ஆசிரியர்கள் ஆகிய நான்கும் இருக்கட்டும். “களப்பயணம் செல்ல அனுமதி” என்று மொட்டையாக எழுதினால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டி வரும்.

இரண்டாவது, நீர்நிலைக்குப் பொறுப்பானவருக்குக் கடிதம். மூன்று பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்வழி “செய்யுங்க சார்” போதாது. ஓர் அலுவலகத்தில் எனக்கு அப்படிச் சொன்னவர் அடுத்த மாதமே மாறுதலாகிப் போனார். புதிதாக வந்தவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

மூன்றாவது, பெற்றோர் ஒப்புதல் கடிதம். “நீர்நிலை அருகே” என்ற சொல் அதில் வெளிப்படையாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, தேனீக் கடி ஒவ்வாமை உண்டா என்று ஒரு வரி சேருங்கள். அப்பா வெளிநாட்டில், அம்மா வேலைக்குப் போய்விடுவார், பிள்ளை அப்பத்தா வீட்டில் வளரும் என்ற நிலை இங்கே சாதாரணம். கையெழுத்து வந்துசேர ஒரு வாரமாவது விடுங்கள்.

நான்காவது, வேன் வைத்து வெளியூர் போவதாக இருந்தால் மட்டும், தலைமை ஆசிரியர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம். நடந்து போகிற இடத்துக்குத் தலைமை ஆசிரியர் அனுமதியே போதும் என்பதுதான் வழக்கம், ஆனாலும் உங்கள் தலைமை ஆசிரியரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கிராம வரைபடமும் தேவை. ஜெராக்ஸ் எடுத்தால் வரைபடம் சுருங்கலாம், பெரிதாகலாம். கீழே எழுதியிருக்கும் அளவுத்திட்டம் அப்போது பொய்யாகிவிடும். நிலத்தில் ஒரு தூரத்தை நாடா வைத்து அளந்து, வரைபடத்தில் அதே தூரத்தை ஸ்கேலால் அளந்து, சரிபார்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள்.

4. ஆடி முடிவதற்குள் அளந்துவிடுங்கள்

ஆழத்தை அளக்க நல்ல நேரம் தண்ணீர் இல்லாத நேரம்தான். நம் பக்கத்து மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன், ஜூலையில் பல ஊருணிகள் வற்றிக் கிடக்கும் அல்லது நடுவில் கொஞ்சம் கலங்கல் இருக்கும். காலாண்டுத் தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் தண்ணீர் வந்துவிடும். பிறகு அடுத்த வருடம்தான்.

மேல்விளிம்பு நீள அகலம், அடித்தள நீள அகலம், ஆழம் இவற்றை நாடாவால் எடுங்கள். எளிய கணக்கு ஒன்று: மேலே 60 × 50 மீட்டர் என்றால் 3,000 சதுர மீட்டர். அடியில் 50 × 40 என்றால் 2,000. சராசரி 2,500. ஆழம் 3 மீட்டர் என்றால் 7,500 கன மீட்டர், அதாவது 75 லட்சம் லிட்டர். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நீங்களே கேட்பீர்கள். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று “சராசரி எடுக்கறது சரியா வருமா சார்?” என்று கேட்கும். சாய்வான பக்கங்களுக்கு அது தோராயம்தான். இடைக்கண்டக் கணக்கை (மேலும் கீழும் அளவு மாறி, பக்கம் சாய்ந்த வடிவத்தின் கன அளவு) கணக்கு ஆசிரியர் அங்கே பிடித்துக்கொள்வார்.

அளக்கும்போதே படிக்கட்டு ஓரமாக, அடியிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு எண் எழுதிவிடுங்கள். மழை வந்த பிறகு யாரும் தண்ணீருக்குள் கை வைக்காமலே மட்டம் தெரியும். பெயிண்ட் அடிக்க அனுமதிக் கடிதத்தில் முன்கூட்டியே ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். கோயில் ஊருணியென்றால் பெயிண்ட் வேண்டாம், அளவு குறித்த மரச்சட்டம் ஒன்றைக் கட்டிவையுங்கள்.

5. மழை, ஆவி, கசிவு

மழைமானிக்கு அகலமான, பக்கம் நேராக உள்ள பாட்டில் போதும். மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பகுதி மேடு பள்ளமாக இருக்குமல்லவா, கூழாங்கல் போட்டு, தண்ணீர் ஊற்றி ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து அங்கே பூச்சியம் குறியுங்கள். இதைச் செய்யாத பள்ளிகளின் மழைக் கணக்கு எல்லாமே தப்பாக இருக்கும். தினமும் காலை 8.30-க்கு அளவு எடுங்கள். வானிலை ஆய்வு மையமும் அதே நேரத்தில்தான் எடுக்கிறது, அதனால் செய்தியில் வரும் அளவோடு ஒப்பிடலாம். சனி, ஞாயிறுக்குப் பள்ளிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை ஒன்றைப் பொறுப்பாக்குங்கள்.

இந்த ஒரு விதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்தது: 1 மி.மீ. மழை 1 சதுர மீட்டரில் விழுந்தால் 1 லிட்டர்.

ஆவியாவதை அளக்க அகலமான அலுமினியச் சட்டி ஒன்றை நிழல் விழாத இடத்தில் வையுங்கள். மேலே கம்பி வலை போடாவிட்டால் காக்காயும் ஆடும் குடித்துவிட்டுப் போகும், அதையும் ஆவிக்கணக்கில் எழுதுவீர்கள். நாளுக்கு 6 மி.மீ. இறங்குகிறது என்று வையுங்கள். 3,000 சதுர மீட்டர் பரப்புக்கு அது 18,000 லிட்டர். சட்டியில் தண்ணீர் சீக்கிரம் சூடாவதால் ஊருணியில் உண்மை அளவு இதைவிடக் கொஞ்சம் குறையும், அதையும் சொல்லிவிடுங்கள். படிக்கட்டுக் கோடு இறங்கிய அளவிலிருந்து ஆவியையும் மனிதர் எடுத்ததையும் கழித்தால் மீதி கசிவு. மழை இல்லாத வாரமாகப் பார்த்து இந்தக் கணக்கைப் போடுங்கள். துல்லியம் பெரிதாக வராது, ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கசிவைக் கழித்துக் கண்டுபிடிப்பதை நான் எந்தப் பாடப்புத்தகத்தைவிடவும் மேலாக மதிக்கிறேன்.

நீரின் தரத்துக்கு அமிலகாரத் தாளும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் போதும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு: அமிலகார எண் (pH) 6.5 முதல் 8.5, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது. இங்கேதான் பெரிய பள்ளம். மீட்டர் 180 காட்டியதும் “குடிக்கலாம்” என்று பிள்ளைகள் அறிவித்துவிடுவார்கள். கிருமியை மீட்டர் காட்டாது. கிருமிச் சோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். அடுத்து விடுமுறை வருவதால் வெள்ளிக்கிழமையன்று மாதிரித் தண்ணீர் எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு விதி ஒன்றே ஒன்று, விலக்கில்லாதது: பிள்ளைகள் தண்ணீரிலிருந்து மூன்று படி தள்ளியே நிற்க வேண்டும். மாதிரி எடுப்பது ஆசிரியர் மட்டும், கயிற்றில் கட்டிய வாளியால். நீச்சல் தெரியும் என்று குதிக்க நிற்கும் பையன்தான் அதிக ஆபத்து. மழை தொடங்கும் முன் உள்ளூர் தீயணைப்பு நிலையத்தில் செயல்விளக்கம் கேட்டு வையுங்கள்.

6. பெரியவர்களிடம் கேட்பது

தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டியது. ஒரு குழுவுக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு பெரியவர், அரை மணி நேரம். “அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: “ஆச்சி, குடிதண்ணி எந்த ஊருணில எடுத்தீங்க? குளிக்கறதுக்கு எது? மாடு எங்க இறங்கும்? கடைசியா எப்ப தூர் வாரினாங்க, யாரு ஆள் விட்டா? வரத்துக்கால் மேல இப்ப என்ன இருக்கு?” கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கிராம வரைபடத்தில் குறித்தால் பல இடங்களில் மனைப்பிரிவும் கல்யாண மண்டபமும் வரும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதீர்கள், கோப்பில் வையுங்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. ஊருணியில் யார் இறங்கலாம், யார் கூடாது என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. அது வரும்போது பேச்சை மாற்றும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். மாற்றக்கூடாது என்பது என் கட்சி. தண்ணீர் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைத் தவிர்த்துவிட்டுச் சூழலியல் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் வகுப்பில் வைத்து “உங்க வீட்ல எப்படி?” என்று எந்தப் பிள்ளையையும் எழுப்பிக் கேட்காதீர்கள். பேட்டியில் பெயர், தெரு, சாதி எதையும் எழுதவேண்டாம், சொன்னதை மட்டும் எழுதச் சொல்லுங்கள். குரல் பதிவுக்கு முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும்.

7. பெரிய வீடு ஒன்றில் அரை நாள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி வீடுகளைச் சுற்றுலா மாதிரி காட்டிவிட்டு வந்தால் பயனில்லை. கூரையைப் பாருங்கள். ஓடு வளவை (வீட்டின் நடு முற்றத்தை) நோக்கிச் சாய்கிறது, விழும் மழை அண்டாவுக்கும் மிச்சம் வாய்க்காலுக்கும் போகிறது. 300 சதுர மீட்டர் கூரையில் 40 மி.மீ. மழை என்றால் 12,000 லிட்டர். ஓடு உறிஞ்சுவது, தெறிப்பது போக 80 சதவீதம் கிடைத்தால் 9,600. சுண்ணாம்புப் பூச்சு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து இறுகுவது வேதியியல். ஆத்தங்குடி தரைக்கல் சூளையில் வேகாமல் தண்ணீரில் ஊறிக் கெட்டிப்படுவது இன்னொரு வேதியியல்.

அனுமதி: பார்வைக்குத் திறந்திருக்கும் வீடுகளில் சிறு கட்டணம் உண்டு, பள்ளிக்குக் குறைப்பார்களா என்று முதல் நாளே போனில் கேளுங்கள். பூட்டிய வீட்டுக்கு உரிமையாளர்களில் ஒருவர் சொன்னால் போதாது. பங்காளிகள் பலர் இருப்பார்கள். சாமி வீட்டுப் பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது என்பதை முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

8. பறவைகள்

திருப்பத்தூர்–மேலூர் சாலையில் இருக்கும் வேட்டங்குடிப்பட்டி சரணாலயம் ஒரு வேன் பயணத்துக்கு உகந்தது. நவம்பர் முதல் ஜனவரிக்குள் போங்கள். மழை பொய்த்த வருடம் கண்மாய் காய்ந்திருக்கும், அதனால் வனத்துறையிடம் கேட்டுவிட்டே வேன் பேசுங்கள். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் என்று கண்டால் பிள்ளைகள் எளிதில் பிரித்தறிகிற பறவைகள். பறவைகள் கலையக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு சட்டம் சொல்லாமலே ஊர் ஏன் கட்டுப்படுகிறது என்பதை அங்கே நின்று விவாதிக்கவிடுங்கள். இறகு, முட்டை ஓடு, கூடு எதையும் எடுத்துவரக் கூடாது. சரணாலயத்தில் அது குற்றம்.

தை மாதத்தில் தேதி பார்த்து வையுங்கள். தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டு. அதைச் சுற்றிய நாட்களில் அந்தப் பக்கம் வேனும் கிடைக்காது, வழியும் கிடைக்காது.

வேன் முடியாதென்றால் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊருணிக் கரையிலிருந்தே கலந்துகொள்ளலாம். 15 நிமிடம் நின்று எண்ணி, பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தத் தளத்தில் தொடங்கும் கணக்கு ஓர் ஆசிரியரின் பெயரில் இருக்கட்டும், பிள்ளைகள் பெயரில் வேண்டாம்.

9. செலவு

வேனைத் தவிர எல்லாம் சில்லறைச் செலவு. 30 மீட்டர் நாடா, டிடிஎஸ் மீட்டர் இரண்டும் தலா சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அமிலகாரத் தாள் பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கும், தேதி மட்டும் பாருங்கள். இருநோக்கி புதிதாக வாங்க ஆயிரக்கணக்கில் ஆகும். முதல் வருடம் வாங்காதீர்கள், கரையிலிருந்து வெறும் கண்ணுக்கே நிறையத் தெரியும்.

பணத்தில் வரும் வம்பு வேறு மாதிரி. முன்னாள் மாணவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள், இந்த மண்ணின் குணம் அது. “உங்க ஜிபே நம்பர் குடுங்க, இப்பவே போடறேன்” என்பார்கள். கொடுக்காதீர்கள். தலைமை ஆசிரியர் வழியாகப் பள்ளிக் கணக்குக்கு, ரசீதோடு மட்டுமே வாங்குங்கள். பொருளாகக் கொடுத்தால் இருப்புப் பதிவேட்டில் அன்றே ஏற்றிவிடுங்கள். பெயர்ப்பலகை வைப்பது பற்றி முன்னாலேயே பேசிவிடுவது நல்லது. நாடாவுக்கும் பலகை கேட்பவர்கள் உண்டு.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. காசு கேட்காமல் ஆள் கேளுங்கள். ஓர் ஆய்வு மாணவர் வந்து தரப் பரிசோதனையை ஒரு மணி நேரம் செய்துகாட்டினால் அது பெரிய உதவி. கடிதம் போய் பதில் வர ஒரு மாதமாவது எடுக்கும் என்று வைத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே எழுதுங்கள்.

10. அறிக்கையும் மார்ச் 22-உம்

பிப்ரவரி கடைசிக்குள் அறிக்கையை முடியுங்கள். மார்ச் வந்தால் தேர்வைத் தவிர யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். எட்டுப் பக்கம் போதும்: ஒரு வரைபடம், மட்டம் இறங்கிய வரைபடக்கோடு, மழை அட்டவணை, செடி, பறவைப் பட்டியல், பேட்டிகளிலிருந்து இரண்டு பக்கம், கடைசியில் ஒரே ஒரு கோரிக்கை. கோரிக்கை சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும். “ஊருணியைக் காப்பாற்றுங்கள்” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. “மேற்கு மூலையில் வரத்துக்கால் வாயில் கிடக்கும் கட்டட இடிபாட்டை மழைக்கு முன் அகற்ற வேண்டும்” என்று எழுதினால் யாராவது ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஊராட்சியில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அறிக்கையை ஒரு வாரம் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துப் பொருள்பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தன்று நீட்டினால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, வார்டு உறுப்பினரைப் பிடித்துப் பகுதி சபையில் வையுங்கள். செடி, பறவைப் பட்டியலின் ஒரு பிரதியை உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்குக் கொடுங்கள். 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அந்தக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இருக்க வேண்டும். குழு யார் யார் என்று கேட்டால் சில இடங்களில் கொஞ்ச நேரம் மௌனம் நிலவும். பிரதியைச் செயலரிடமே கொடுத்து முத்திரை வாங்கிவிடுங்கள்.

மூலப் பதிவேட்டை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்கு அளக்கச் சொல்லிக்கொடுக்க அது வேண்டும்.